நான் போட்டதிலேயே அதிகம் பேர் தட்டிய தலைப்பு

போன வாரம் நியூ டவுன் ஆபீசில் உங்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "சார், இத்தனை வருஷத்துல நீங்க போட்டதுலயே அதிகம் பேர் தட்டின தலைப்பு எது?" நான் "ஞாபகம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டுப் பக்கம் கையை நீட்டினேன். அது பொய். நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ரிட்டயர் ஆன மனுஷன், போவதற்கு வேலையும் இல்லை, பயப்பட மேலதிகாரியும் இல்லை. அப்படியும் வாயில் வரவில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்ட பெண்ணும் படிக்கட்டும், கேட்காதவர்களும் படிக்கட்டும்.

"இந்த போன் வைத்திருக்கிறீர்களா? உடனே அணைத்துவிடுங்கள்!"

இதுதான் அது. இதற்கு மேலே போனின் படம், கீழே என் பெயர்.

அப்போது நம் செய்தித் தளத்தின் தமிழ்ப் பிரிவில் ஆறு பேர். மற்றவர்கள் எல்லாம் உங்களைப் போல ஊரிலிருந்து வந்தவர்கள். நான் மட்டும் இங்கே வங்காளத்திலேயே, பவானிபூரில் பிறந்து வளர்ந்தவன். எல்லா மொழிக்கும் பொறுப்பாக இருந்தவள் மௌஷுமி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னை "ஷங்கர்தா", அதாவது ஷங்கர் அண்ணா, என்பாள். ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு தலைப்பு கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் அப்போதுதான் வந்திருந்தது. முதல் பத்து நிமிஷம் பாதி வாசகருக்கு ஒரு தலைப்பு, மீதிப் பாதிக்கு இன்னொன்று. எதை அதிகம் பேர் தட்டுகிறார்களோ அதை மெஷின் வைத்துக்கொள்ளும். மற்றது போய்விடும். நீங்களும் இன்றைக்கு அதைத்தான் செய்கிறீர்கள்.

அதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதல் தலைப்பை யோக்கியமாக எழுதுவேன். இரண்டாவதில் என் வாய்க்கொழுப்பு முழுவதையும் கொட்டுவேன். மெஷின் இரண்டாவதை எடுத்தால், "நான் நல்லதும்தான் குடுத்தேன், ஜனங்க இதைத்தானே கேக்குறாங்க" என்று சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள். என்ன சௌகரியமான ஏற்பாடு! இதைப் படிக்கும்போது உங்களில் சிலர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இருங்கள், இன்னும் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஆறுமுகம் அண்ணாச்சி குடியிருந்தார், இப்போதும் இருக்கிறார். பாங்க்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம், எங்கள் அப்பா வழி ஊருக்கும் அதுவே பக்கம். அதனால் அவர் எனக்கு அண்ணாச்சி, அவர் மனைவி எனக்கு மதினி. மதினிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தானமாக வரும் சிறுநீரகத்துக்காக ஒரு ஆஸ்பத்திரி வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்று கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்றால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். முதல் நாளே அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதற்காகத்தான் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். "போன் எப்பவும் உசுரோட இருக்கணும் சங்கரா. சார்ஜ் நிக்கணும். வேற ஒரு மண்ணும் வேண்டாம் எனக்கு." துர்கா பூஜை சமயம், இரண்டாய் வாங்கினால் சலுகை. நானே கரியாஹாட் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரே மாடலில் இரண்டு எடுத்துக் கொடுத்தேன், அவருக்கு ஒன்று, மதினிக்கு ஒன்று. உள்ளபடியே நல்ல போன். ஆஸ்பத்திரியில் இரண்டு நம்பரையும் எழுதிக் கொடுத்தார்கள்.

இதற்கு அடுத்து சொல்வதற்குத்தான் எனக்கு ரொம்பக் கூசுகிறது. அந்த போன் செய்கிற கம்பெனி அடுத்த வருஷம் பெரிய ஹோட்டலில் ஒரு அறிமுக விழா வைத்தது. ஊரில் உள்ள எல்லா டெக் நிருபருக்கும் அழைப்பு, எனக்கு இல்லை. எதிர்க் கம்பெனியோ என்னை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டியது, சோதித்துப் பார்க்கக் கொடுத்த போனைத் திருப்பியே கேட்கவில்லை. நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. என் மகள் அதைத்தான் காலேஜுக்குக் கொண்டுபோனாள். அந்தக் கம்பெனி போன் ஒருமுறை அப்டேட்டுக்குப் பிறகு சூடாகிறது என்று புகார் வந்தபோது நான் போட்ட தலைப்பு: "புதிய அப்டேட்டில் சிறு குறை, விரைவில் தீர்வு." இரண்டாவது தலைப்பும் அதே போலத்தான் சாதுவாக இருந்தது. வாய்க்கொழுப்பு அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே குறை, அழைப்பு அனுப்பாத கம்பெனியின் போனில் வந்தது. அப்டேட் போட்ட சில போன்கள் சார்ஜ் ஏறும்போது சூடாகின்றன, திருத்தம் வரும்வரை சார்ஜ் போடும்போது மட்டும் அணைத்து வையுங்கள் என்று கம்பெனியே அறிவித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தாற்போல ஆனது. முதல் தலைப்பு: "அப்டேட்டுக்குப் பிறகு சூடாகும் போன்: சார்ஜ் போடும்போது கவனம் தேவை." இரண்டாவது தலைப்பை மேலே சொல்லிவிட்டேன். அதைத் தட்டச்சு செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்பதை நான்காவது பத்தியில் ஒழுங்காக எழுதித்தான் இருந்தேன். அது என் மனச்சாட்சிக்குப் போட்ட தீனி.

காலை பத்தரைக்கு வெளியிட்டோம். பத்து நிமிஷத்தில் மெஷின் இரண்டாவதை எடுத்துக்கொண்டது, எல்லார் போனுக்கும் அறிவிப்பாக அனுப்பியது. தட்டியவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஒரே ஒரு வேடிக்கை. வந்தவர்கள் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. வருகிறார்கள், சில நொடியில் காணாமல் போகிறார்கள். மௌஷுமி திரையைப் பார்த்துவிட்டு, "என்ன ஷங்கர்தா, உங்க ஆளுங்க தலைப்பை மட்டும் படிச்சுட்டு ஓடிடுறாங்க!" என்றாள். "தமிழன் அவசரக்காரன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று மணி வாக்கில் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு. எடுத்தால் அண்ணாச்சி. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, பௌதி என்போம், அவர் போனிலிருந்து பேசினார்.

"சங்கரா, போனை இனிமே போடலாமா? பயமில்லையே?"

"எந்த போனை அண்ணாச்சி?"

"நீதானல்லா எழுதியிருந்த, உடனே அணைச்சிருன்னு. பாத்த மட்டுல ரெண்டையும் அணைச்சி, தூக்குவாளிக்குள்ள போட்டு பால்கனில வச்சிட்டேன். உன் மதினி ஏசுதா, எவ்வளவு நேரம்தான் இப்படின்னு."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "அட என்ன அண்ணாச்சி, முழுசா படிக்கலயா? சார்ஜ் போடும்போது மட்டும்தான். நாலாவது பாராவுல போட்டிருக்கேனே."

"போனை அணைச்ச பொறவு எப்படிடே படிக்கது?" என்றார் அவர்.

சிரிப்பு எனக்கு அங்கேயே நின்றது. காலையில் பக்கத்தை விட்டு ஓடினவர்கள் ஏன் ஓடினார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. போனில் படிக்கிறவனைப் பார்த்து போனை அணை என்று சொல்லியிருக்கிறேன். என் பேச்சை நம்பினவன் அணைத்துவிட்டான். நான்காவது பத்தி, என்னை நம்பாதவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது.

ஐந்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டார், இந்தமுறை அவர் சொந்த நம்பரிலிருந்து. குரலே மாறியிருந்தது. போனைப் போட்டதும் தவறிய அழைப்புகளின் தகவல் வரிசையாக வந்திருக்கிறது. அவருக்கு, மதினிக்கு, மாறி மாறி. எல்லாம் ஆஸ்பத்திரி நம்பர். பதினொன்றேகாலில் தொடங்கி, பன்னிரண்டேகாலோடு நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அடுத்தவருக்குப் போய்விட்டதாம்.

"போயிருச்சு சங்கரா" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால், திரும்பி உட்கார்ந்து, அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு முதல் தலைப்பைப் போட்டேன். "கவனம் தேவை." மாற்றினோம் என்று ஒரு வரிகூடப் போடவில்லை. தலைப்பை மாற்றுவது தினமும் நடப்பதுதானே, யார் கவனிக்கப்போகிறார்கள்? பிறகுதான் பவானிபூருக்குப் பஸ் ஏறினேன். அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் என் தலைப்பைக் காப்பாற்றினேன், பிறகு மதினியைப் பார்க்கப் போனேன்.

அவர்கள் மகன் சென்னையிலிருந்து மறுநாளே வந்துவிட்டான். நல்ல பிள்ளைதான், அம்மா மேல் உயிர். நான் ஹாலில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். அவன் தன் போனில் அந்தச் செய்தியைத் தேடி எடுத்து அப்பாவுக்கு முன்னால் நீட்டினான்.

"எங்கப்பா போட்டிருக்கு உடனே அணைச்சிருன்னு? பாருங்க. 'சார்ஜ் போடும்போது கவனம் தேவை'. இவ்வளவுதான் இருக்கு. இதைப் படிச்சிட்டா ரெண்டு போனையும் அணைச்சீங்க?"

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சங்கரா, நீ இப்படியா போட்டிருந்த?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "கவனம்னுதான் போட்டிருந்தேன்."

மௌஷுமி சொல்லித் தரவில்லை, மெஷின் சொல்லித் தரவில்லை. என் வாய்தான் சொன்னது. மதினி செய்தியைப் பார்க்கவே இல்லை, அவர் சொன்னதற்காகப் போனை எடுத்துக் கொடுத்தவள். அணைத்ததில் அந்த அறிவிப்பும் போய்விட்டிருந்தது. அந்த ஹாலில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான், டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். போயிருந்தாலும் அது மதினிக்குப் பொருந்தியிருக்குமா என்ன, பரிசோதனையில் தள்ளியிருப்பார்கள், கிடைத்தவரும் ஒரு மனுஷன்தானே என்றெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசினேன். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அங்கே நடந்துகொண்டிருந்தது வேறு. அண்ணாச்சி எதைப் படித்தாலும் மதினியிடம் நீட்ட ஆரம்பித்தார். கரண்ட் பில் வந்தால், "இந்தா, நீயும் ஒருவாட்டி பாரு." கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியை இரண்டு பேரைக் கேட்டுச் சரிபார்ப்பார். மதினிக்குக் கண் கொஞ்சம் மங்கல், அவள் மாத்திரை அட்டைகளை எப்போதும் அவர்தான் படித்து எடுத்துக் கொடுப்பார். அதையும் விட்டுவிட்டார். "நான் தப்பாப் படிச்சுக் குடுத்து ஒண்ணு ஆயிரப்பிடாதுல்லா" என்று பௌதியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் பாங்க்கில் ஒரு கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொன்னவர்.

ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கண் டாக்டரைப் பாக்கணும், கூட வாரியா? நான் இல்லாததெல்லாம் படிக்கேன் சங்கரா. எவ்வளவு நாள் இப்படியே இருக்கது?"

கூடப் போனேன். போகாமல் என்ன செய்ய! கரியாஹாட்டில் மாடி மேல் இருக்கும் ஒரு கிளினிக். இருட்டாக்கி, எதிரே எழுத்துப் பலகையில் விளக்கைப் போட்டார் டாக்டர். அண்ணாச்சி மேல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக. கடைசி வரி எனக்குக் கண்ணாடியோடும் புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. அதையும் படித்துவிட்டார். டாக்டர் வங்காள மொழியில், பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு, "மேஷோமஷாய், உங்க கண்ணு என் கண்ணைவிட நல்லா இருக்கு" என்று சிரித்தார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. படியிறங்கி வந்து, துணிக்கடைகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்ப கண்ணு இல்ல" என்றார். "மூளைதான்."

"அண்ணாச்சி…"

"எங்க அப்பாவுக்கும் கடைசில இப்படித்தான். இல்லாத ஆளையெல்லாம் பாத்துப் பேசுவாரு. உன் மதினிகிட்ட சொல்லிராத. எனக்கு மூளை போச்சுன்னா அவளை வாரம் மூணு நாளு யாரு கூட்டிட்டுப் போவா? மகன் இங்கேயே வந்து உக்கார முடியுமா?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பக்கத்துல இருக்க. எனக்கு ஏதும் ஆனா நீ பாத்துக்கிடுவியா?"

நான் நல்லவனாகிவிட்டதால் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது, அதைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீங்க தப்பாப் படிக்கல. 'உடனே அணைத்துவிடுங்கள்'னுதான் போட்டிருந்தேன். நீங்க போன் பண்ணினதுக்கு அப்புறம் மாத்திட்டேன்."

ஒரு ஆள் எங்களுக்கு நடுவே மூட்டையோடு இடித்துக்கொண்டு போனான். அண்ணாச்சி நகரவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்" என்றார்.

"ஆமா."

"சரியாத்தான் படிச்சிருக்கேன்!" முகம் முழுக்க அப்படி ஒரு சந்தோஷம். என்னிடம் கோபம்கூட இல்லை, என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். எத்தனையோ வாசகர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தர் முகமும் அப்படி இருந்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது, செத்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

பிறகு மெல்ல அது வடிந்தது. என்னை உற்றுப் பார்த்தார்.

"எம் மகன் போனை நீட்டுனான்லா, அன்னைக்கு நீ அங்கதான உக்காந்திருந்த."

"ஆமா அண்ணாச்சி."

"நான் உன்னைத்தான கேட்டேன்."

"ஆமா."

கையை விட்டார். ஆட்டோ வரிசையில் போய் நின்றார், வந்த ஆட்டோவில் ஏறினார். பக்கத்தில் இடம் இருந்தது. என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் மௌஷுமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "பழசைக் கிளறணுமா ஷங்கர்தா?" என்று ஒருமுறை கேட்டாள். கிளறணும் என்றேன். மெஷின் தூக்கிப் போட்ட தலைப்பு, வைத்துக்கொண்ட தலைப்பு, யார் எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் உள்ளே பதிவாகி இருக்கும், உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை அவளே தாளில் எடுத்துக் கொடுத்தாள். செய்தியின் அடியில் ஒரு குறிப்பும் போட்டோம். முதலில் என்ன தலைப்பு இருந்தது, அது ஏன் தவறு, யார் சொல்லாமல் மாற்றியது என்று. என் பெயரோடு. நம் தளத்தில் அப்படி ஒரு குறிப்பு அதற்கு முன்னால் இருந்ததில்லை. இன்றும் இருக்கிறது, தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தோடு நான் வேலையை விட்டேன். வயதாகிவிட்டது என்று பிரிவு உபசாரத்தில் பேசினார்கள். நானும் தலையாட்டினேன், அதுவும் ஒரு பொய்தான்.

தாளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மகனுக்குக் காட்ட அவருக்கு வேண்டியிருக்கும் என்று. மதினிதான் கதவைத் திறந்தாள். ஒரு கையில் டயாலிசிஸ் கட்டு. வாசலில் நின்றபடியே தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"மகன் நேத்தே போன்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டான்" என்றாள். "இதையும் அனுப்பி வைக்கேன்."

"மதினி, நான்…"

"அன்னைக்கு அந்த போன் வரலன்னு நான் அழல தம்பி. எனக்கு எழுதியிருந்தா இன்னொண்ணு வரும், வராட்டிப் போகுது. எம் மாத்திரைப் பேரைப் படிக்க இந்த மனுசன் பயந்தாரு பாருங்க, அதுக்குத்தான் எட்டு மாசமா அழுதேன். அது உங்களுக்குத் தெரியும். வாரம் ஒருவாட்டி வந்து டீ குடிச்சிட்டுப் போனீங்க."

தாளை நாலாக மடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்கன்னு சொல்ல வாய் வரல. தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதற்குள் மதினிக்கு மாத்திரை நேரம் ஆகியிருக்க வேண்டும். படியில் நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. அட்டையில் இருந்த மாத்திரைப் பெயரை, அளவை, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதை, ஒவ்வொன்றாக, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரை படித்து முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு நான் கீழே இறங்கினேன்.